செல்லாத சிப்பி

அந்த வருஷம் சாளையோடையில் நடந்த தேர்தலில் கட்சி கிடையாது, கொடி கிடையாது, வேட்பாளர் என்று ஒரு மனிதர் கிடையாது. ஓட்டுப் போட்டதெல்லாம் சிப்பிகள். அவையும் தெரிந்து போடவில்லை, பாவம்.

இந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்தவள் ராக்கினி கொரேரா. கடல்வாழ் உயிர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் இருபத்தாறு வருஷமாகக் குரோமோசோம் எண்ணுகிறவள். விஞ்ஞானி இல்லை, டெக்னீஷியன். விஞ்ஞானிகள் வருவார்கள், கட்டுரை எழுதுவார்கள், வெளிநாட்டுக்குப் பறந்துவிடுவார்கள். நுண்ணோக்கிக்கு முன்னால் கிடந்த முக்காலியில் ராக்கினி மட்டும் மாறாமல் உட்கார்ந்திருந்தாள். மட்டி, சங்கு, கணவாய், நத்தை என்று ஓடுள்ளதும் ஓடில்லாததுமாக எத்தனையோ உயிர்களின் குரோமோசோம்களை எண்ணிவிட்டாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அவளுக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான். அதை மறைத்து வைக்கவும் அவளுக்குத் தெரியாது.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் தங்கை பிரகாசி குழம்புக்கென்று உயிரோடு கொடுத்தனுப்பிய சிப்பிகளில் ஒன்றை, கை சும்மா இருக்காமல், கூடத்துக்கு எடுத்துப்போய் எண்ணினாள். பதினெட்டு வந்தது. சிப்பிக்கு இருபதுதான். உலகத்தில் எந்தக் கடலில் எடுத்தாலும் இந்த வகைச் சிப்பிக்கு இருபதுதான். மறுபடி எண்ணினாள். பதினெட்டு. கூடத்து விஞ்ஞானி ஒருவரிடம் காட்டினாள். “ரெண்டைத் தொலைச்சிட்டீங்கம்மா, ஒழுங்கா எண்ணுங்க” என்றார் அவர். ராக்கினிக்கு வந்ததே கோபம்! சாளையோடையிலிருந்து நூறு சிப்பி வரவழைத்து நூறையும் எண்ணி, தாளை அவர் மேஜையில் ‘டப்’ என்று வைத்தாள். நூறும் பதினெட்டு.

விஷயம் அதோடு நின்றிருந்தால் ஒரு கட்டுரையோடு போயிருக்கும். ஆனால் அந்தச் சமயத்தில்தான் அலையரசி டெர்மினல் என்ற நிறுவனம் சாளையோடையை மண் கொட்டி மூடி, கண்டெய்னர் அடுக்கும் தளம் கட்டக் கிளம்பியிருந்தது. ஓடையில் சிப்பியும் நண்டும் இறாலும் பிடித்து வாழ்கிற நாற்பது குடும்பம் நடுங்கிப் போயிருந்தது. பிரகாசிதான் அந்தப் பெண்களுக்குத் தலைவி. அக்கா எண்ணிய பதினெட்டைக் கேள்விப்பட்டதும், புதுச் சட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மனுப் போட்டாள். ஓர் இடத்து உயிருக்குக் குரோமோசோம் எண்ணிக்கை மற்ற இடத்து உறவுகளிலிருந்து மாறியிருந்தால், அது தனி இனம். தனி இனம் வாழும் இடத்தில் யாரும் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. மாதிரிக்கு எடுக்கும் முப்பதும் ஒன்றுபோல் மாறியிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஒன்று பிசகினாலும் மனு தள்ளுபடி, ஓடை கம்பெனிக்கு.

எண்ணுகிற இயந்திரத்தை இரண்டு தரப்பும் நம்பவில்லை. “உள்ளே ஏதோ பண்ணிருவாவ” என்று இரண்டு தரப்பும் கோர்ட்டுக்குப் போய் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். மனுஷக் கண்ணால், அரசு அதிகாரி முன்னிலையில், பகிரங்கமாக எண்ண வேண்டும் என்று உத்தரவு வந்தது. எண்ணத் தெரிந்த கண் ராக்கினியுடையது ஒன்றுதான் என்பதைக் கம்பெனியும் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டது. கலெக்டர் அந்த உத்தரவைத் தாசில்தார் ஆவுடைநாயகத்தின் தலையில் கட்டினார். ஆவுடைநாயகம் பதினொரு தேர்தல் நடத்தியவர். எண்ணுவது என்றால் அவருக்கு ஒரே ஒரு முறைதான் தெரியும்.

பழுப்பேறிய தேர்தல் கையேட்டோடு அவர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்து இறங்கினார்.

“முதல்ல எனக்குப் புரியணும்மா,” என்றார். “குரோமோசோம்னா என்ன? ஒண்ணும் தெரியாதவனுக்குச் சொல்லுத மாதிரி சொல்லுங்க.”

“ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அந்த உயிரை எப்படிக் கட்டணும்னு எழுதின புஸ்தகம் இருக்கு சார். அதான் குரோமோசோம். ஜோடி ஜோடியா இருக்கும். அப்பன் குடுத்தது பாதி, ஆத்தா குடுத்தது பாதி.”

“மனுஷனுக்கு எத்தனை?”

“நாப்பத்தாறு. ஆக்டோபசுக்கு அறுபது. சில கணவாய்க்குத் தொண்ணூத்திரண்டு.”

தாசில்தார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அன்று மத்தியானம் அவர் கணவாய்த் தொக்கு சாப்பிட்டிருந்தார். “நம்மளப் போல ரெண்டு மடங்கு வச்சிக்கிட்டா அது தட்டுல வந்து விழுந்துச்சு?”

“எண்ணிக்கைக்கும் பெருமைக்கும் சம்பந்தம் இல்ல சார்.”

“பதினொரு தேர்தல் பாத்த எனக்கே சொல்லுதீங்களா! சரி, சிப்பிக்கு இருபது, உங்க ஓடையில பதினெட்டு. மிச்சம் ரெண்டு எங்க போச்சு?”

“எங்கயும் போகல. ரெண்டு புஸ்தகத்தை ஒரே அட்டைக்குள்ள சேத்துத் தைச்சா பக்கம் குறையுமா? குறையாது. கணக்குல மட்டும் ஒண்ணு குறையும். அப்பன் பக்கம் ஒண்ணு, ஆத்தா பக்கம் ஒண்ணு, ஆக ரெண்டு. சிப்பிங்க எத்தனையோ கோடி வருஷமா இருபதை விட்டு அசையல சார். பக்கத்து மின்நிலையத்துச் சுடுதண்ணி வந்து விழ விழ, இந்த ஓடையில மட்டும் அசைஞ்சிருக்கு.” இதைச் சொல்லும்போது ராக்கினி நுண்ணோக்கியை மெல்லத் தடவிக்கொடுத்தாள். அந்தப் பதினெட்டை முதலில் பார்த்தது தன் கண் என்று நினைக்கும்போதெல்லாம் அவள் அப்படிச் செய்வாள்.

“இருபதும் பதினெட்டும் கல்யாணம் பண்ணிக்கிட்டா?”

“பத்தொம்பது பொறக்கும். ஒரு பக்கம் தைச்ச புஸ்தகம், மறு பக்கம் தைக்காதது ரெண்டு. அப்படி ஒரு பத்தொம்பது ஆப்பிட்டாலும் போச்சு சார். ரெண்டு குடும்பமும் இன்னும் கொண்டு கொடுத்துக்கிட்டுத்தான் இருக்குன்னு அர்த்தம். தனி இனம்னு சொல்ல முடியாது.”

“பாகப்பிரிவினை இன்னும் பதிவாகலைன்னு ஆகும்.”

“அதேதான். ஆனா பதினாலு மாசத்துல நான் ஒரு பத்தொம்பதைக்கூடப் பாத்ததில்ல.”

தாசில்தார் திருப்தியோடு கையேட்டைப் பிரித்தார். “தபால் ஓட்டு உண்டா?”

“சிப்பி வெளியூருக்கு வேலைக்குப் போகாது சார்.”

அந்தப் பக்கத்தைச் சிவப்பு மையால் அடித்தார். “செல்லாத ஓட்டு?”

“அது உண்டு. குரோமோசோம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கிடந்தா எண்ண முடியாது.”

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “அதானே! செல்லாத ஓட்டு இல்லாம என்ன தேர்தல்! அப்படி வந்தா அந்தச் சிப்பிய ஒதுக்கிட்டு வேற ஒண்ணு எடுத்துக்கலாம். தரப்புக்கு முப்பத்தஞ்சா கொண்டு வரட்டும், அஞ்சு கையிருப்பு. செல்லுமா செல்லாதான்னு சொல்லுத அதிகாரம் உங்களுக்கு மட்டும்தான். நான்கூடத் தலையிட முடியாது.”

ஓடைச் சிப்பியை ஊர்ப் பெண்கள் கொண்டுவர வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க வேறு கடற்கரைச் சிப்பியைக் கம்பெனி கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு. ஆவுடைநாயகம் சும்மா இருக்கிற ஆளா? ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, “சிப்பிகள் அனைத்தும் பெரிய திரையில் பொதுமக்கள் பார்வைக்குக் காட்டப்படும்” என்று ஊர் ஊராக அறிவிக்கச் செய்தார். எல்லா வம்பும் அந்த ஆட்டோவில்தான் புறப்பட்டது.

எண்ணிக்கை நாளன்று கல்லூரி மண்டபத்தில் கம்பிவலை கட்டி, வலைக்கு இந்தப் பக்கம் மேஜை, அந்தப் பக்கம் முகவர்கள். பிரகாசி புதுச் சேலையில், மார்பில் அடையாள அட்டை குத்தி, ஐந்து பெண்களோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனி மேலாளர் கிருபாகரன் கோட்டு சூட்டோடு நான்கு முகவர்களைக் கூட்டி வந்திருந்தார். வாசலில் சுண்டல் விற்றது. இரண்டு தரப்பும் முதல்நாளே சீல் வைத்த வாளியில் சிப்பி ஒப்படைத்து, எந்த இடத்தில் எடுத்தது என்று உறுதிமொழிப் பத்திரமும் கொடுத்திருந்தன. மருந்து ஏற்றி, செவுள் நறுக்கி, எல்லாம் தயார்.

ராக்கினி முக்காலிமேல் ஏறி நின்றாள். செல் கரைசலை உயரத்திலிருந்து சொட்டினால்தான் செல் வெடித்துக் குரோமோசோம் பரவி விழும். சொட்டுவதற்கு முன் கண்ணாடிச் சில்லின் மேல் ‘ஹா’ என்று ஊதினாள்.

“ஆட்சேபணை!” என்று எழுந்தார் கிருபாகரன். “அவங்க இந்த ஊர்க்காரங்க. அவங்க மூச்சுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?”

“ஈரம் சார், வேற என்ன இருக்கும்! கண்ணாடி லேசா ஈரமா இருந்தாத்தான் பிரிஞ்சு விழும்.”

தாசில்தார் கையேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். மூச்சைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: ஒவ்வொரு சில்லின் மேலும் இரண்டு தரப்பு முகவரும் சமமாக ஊத வேண்டும். அதற்கப்புறம் பிரகாசியும் கம்பெனி முகவர் ஒருவரும் வலையில் விட்ட ஓட்டை வழியாக, ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ சொல்லி ஒரே நேரத்தில் ஊதினார்கள். பத்தாவது சில்லில் கம்பெனிக்காரருக்குத் தலை சுற்றி, சோடா உடைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. மண்டபமே குலுங்கிச் சிரித்தது.

ராக்கினி மட்டும் சிரிக்கவில்லை. ஓடை வாளியின் முதல் சிப்பி திரையில் விழுந்ததும் எண்ண ஆரம்பித்தாள். “பதினாறு, பதினேழு, பதினெட்டு” என்று சத்தமாக எண்ணி முடித்தபோது திரையில் இன்னும் இரண்டு மிச்சம் இருந்தன. பத்தொன்பது. இருபது. கம்பெனிப் பக்கம் விசில் பறந்தது. இரண்டாவது சிப்பி இருபது. மூன்றாவது இருபது. முதல் சுற்று முடிவில் பத்துக்குப் பத்தும் இருபது.

“முதல் சுற்றில் சாதாரணச் சிப்பி முன்னிலை,” என்று மைக்கில் சொன்னார் ஆவுடைநாயகம்.

தேநீர் இடைவேளையில் ராக்கினி தங்கையைக் கைகழுவும் குழாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

“ஏட்டி, வாளியில இருந்தது எந்த ஊருச் சிப்பி?”

பிரகாசி காலால் தரையைத் தேய்த்தாள். “நல்ல சிப்பிதாக்கா.”

“எந்த ஊரு?”

“மேலத்துறை.”

ராக்கினி குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

“பெரிய திரையில காட்டுவோம்னு ஆட்டோவுல சொல்லிட்டுப் போனாவளே! நம்ம சிப்பிய நீ பாத்திருக்கேல்லா? சுடுதண்ணியில கிடந்து கிடந்து எல்லாம் நோஞ்சான். முப்பத்தஞ்சைப் பொறுக்கி வாளியில போட்டுப் பாத்தேன், எனக்கே அழுகையா வந்துச்சு. ஊரே பாக்க, அந்தக் கோட்டுப் போட்டவன் பாக்க, அதக் கொண்டு வச்சா நம்ம மானம் என்னாவும்? அதான் பக்கத்து மேலத்துறையில கொழுத்ததா வாங்கி, தேங்கா நாரு போட்டுத் தேச்சு…”

“செவுளுக்குள்ள இருக்க செல்லைத்தாண்டி திரையில காட்டுவாவ! சிப்பிய எவன் பாக்கப் போறான்?”

“இத முன்னாடியே சொல்லிருக்கக் கூடாதா நீ?”

ராக்கினிக்கு ஓங்கி அறையலாம் போல இருந்தது, கட்டிப்பிடித்து அழலாம் போலவும் இருந்தது. சொன்னால் மாதிரியை மாற்றியதாக மனு தள்ளுபடி, தங்கை மேல் வழக்கு. சொல்லாவிட்டால் இரண்டு வாளியும் இருபது, ஓடையில் மண். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். பிரகாசி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். உள்ளே மணி அடித்துவிட்டார்கள்.

ஓடை வாளியின் முப்பதும் இருபதாகவே முடிந்தன. கிருபாகரன் லட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டார். தாசில்தாரும் ஒன்றை எடுத்துக்கொண்டு, “கையேட்டுல தடை இல்ல” என்றார். அப்புறம் கம்பெனி வாளியின் முதல் சில்லு மேஜைக்கு வந்தது. ராக்கினி பாதி உயிரோடு எண்ண ஆரம்பித்தாள்.

“பதினாறு, பதினேழு, பதினெட்டு.”

அவள் நிறுத்திவிட்டாள். எண்ண அதற்குமேல் எதுவும் இல்லை.

அடுத்தது பதினெட்டு. அதற்கடுத்ததும் பதினெட்டு. லட்டுத் தின்றவர்கள் வாயை மூடவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் பிரகாசி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். சில்லு மாற்றும் சாக்கில் ராக்கினி வலையோரம் போனாள்.

“அந்த நோஞ்சான் முப்பத்தஞ்சையும் என்னட்டி பண்ணுன?”

“சந்தையில வித்துட்டேன். கழுத்துல கம்பெனி அட்டையத் தொங்கவிட்டுக்கிட்டு ஒருத்தர் வந்தாரு. ‘எந்த ஊருச் சிப்பின்னாலும் சரி, முப்பத்தஞ்சு உருப்படி குடு’ன்னாரு. நல்ல சிப்பிய அவனுக்கா குடுப்பேன்? அத்தனையையும் அவன் தலையில கட்டிட்டேன்.”

கம்பெனியின் உறுதிமொழிப் பத்திரத்தில் என்ன இருந்தது தெரியுமா? ‘நாற்பது கிலோமீட்டர் தெற்கே எங்கள் சொந்த முக்குளிப்பாளர்கள் ஆழ்கடலில் எடுத்தது’ என்று இருந்தது.

மாலை நான்கு மணிக்கு ஆவுடைநாயகம் எழுந்து தொண்டையைச் செருமினார். “சாளையோடைச் சிப்பி முப்பதும் இருபது. பிற இடத்துச் சிப்பி முப்பதும் பதினெட்டு. எண்ணிக்கை மாறியிருப்பதால், இருபது குரோமோசோம் கொண்ட சாளையோடைச் சிப்பி புதிய தனி இனம் என்றும், அது வாழும் இடத்தில் கட்டுமானம் கூடாது என்றும்…” மிச்சம் யாருக்கும் கேட்கவில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். எங்கிருந்தோ ஒரு மேளம் வந்துவிட்டது.

“அநியாயம்!” என்று கத்தினார் கிருபாகரன். “எல்லாப் புத்தகத்திலும் இருபதுதான் சாதாரணச் சிப்பி! பதினெட்டுதான் புதுசு!”

“அப்படியா? அப்ப உங்க வாளியில பதினெட்டு எப்படி வந்துச்சு? ஆழ்கடல்லயா இருந்துச்சு?” என்று பத்திரத்தைத் தூக்கிக் காட்டினார் தாசில்தார். கிருபாகரன் பத்திரத்தைப் பார்த்தார், தன் கையெழுத்தைப் பார்த்தார், மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

ராக்கினி கையெழுத்துப் போட்டால் முடிந்தது. பேனாவைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். தாளில் இருந்த எண் ஒவ்வொன்றும் அவள் எண்ணியது, ஒவ்வொன்றும் சரி. ஆனால் அவள் பதினான்கு மாதமாக நெஞ்சில் வைத்துக் கொஞ்சிய பதினெட்டுக்குச் சாதாரணம் என்று பேர் எழுதியிருந்தது. புதுசு என்று எழுதியிருந்த இருபது ஓடையில் ஒன்றுகூடக் கிடையாது. நாளைக்கு எவனாவது நேர்மையாக ஓடையில் இறங்கி ஒரு சிப்பி எடுத்தால் போதும், ஓடை போய்விடும்.

“சார்,” என்றாள். “நம்பரெல்லாம் சரி. தாள் பொய்.”

மேளம் நின்றது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மேலத்துறை, தேங்காய் நார், சந்தை, கம்பெனி அட்டை, ஒன்று விடாமல். சொல்லும்போது தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

“சொந்தத் தங்கச்சிய இப்படி…” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. பிரகாசி அடையாள அட்டையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள்.

தாசில்தார் வெகுநேரம் கையேட்டைப் புரட்டினார். கடைசியில் ஒரு பக்கத்தில் விரல் நின்றது. அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்தால் அவருக்குத்தான் ஓடை கிடைத்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். “ஒரு தரப்பு கள்ள ஓட்டுப் போட்டா அந்தத் தரப்பு மேல நடவடிக்கை. ரெண்டு தரப்பும் போட்டிருந்தா? மறு வாக்குப்பதிவு! நானே ஓடையில இறங்குதேன்.”

மறுநாள் காலை அவர் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு சாளையோடையில் இறங்கியதை அந்த ஊர் இன்னும் பேசுகிறது. இரண்டு முறை வழுக்கி விழுந்தார். ஒரு நண்டு கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டது. “கடமையைச் செய்யவிடாமத் தடுக்குது, எழுதிக்கோ!” என்று கரையிலிருந்த கிளார்க்கிடம் கத்தினார். முப்பத்தைந்தையும் தன் கையாலேயே எடுத்தார். மேலத்துறையிலும் அப்படியே எடுத்து, சீல் வைத்து, வாளிகளுக்கு நடுவில் தானே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அதற்கடுத்த நாள் மறுபடி அதே மண்டபம், அதே ஊதல். மேலத்துறை முதலில் வந்தது. முப்பதும் இருபது. பின்பு ஓடை வாளி. பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு! ஒவ்வொரு பதினெட்டுக்கும் பெண்கள் சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். இருபதாவது சிப்பியிலேயே வாசலில் வெடிக்கட்டு பிரித்தாயிற்று. பிரகாசி மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாக அவள் அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்தொன்பது சிப்பி முடிந்தது. இன்னும் ஒன்றுதான்.

முப்பதாவது திரையில் விழுந்தது.

“பதினஞ்சு, பதினாறு, பதினேழு…” ராக்கினியின் குரல் அங்கே நின்றது. மூலையில் இரண்டு குட்டைக் குரோமோசோம்கள் நுனியோடு நுனி ஒட்டிக் கிடந்தன. வேறு யார் பார்த்தாலும் வளைந்த ஒன்று என்பார்கள், இல்லை எதுவோ கசமுசா என்பார்கள். ராக்கினிக்கு இருபத்தாறு வருஷக் கண். ஜோடி இல்லாத நீளமான ஒன்று அதோ இருக்கிறது. தைக்காத இரண்டு இதோ இருக்கின்றன. பத்தொன்பது. பதினான்கு மாதமாக அவள் கண்ணில் படாத பத்தொன்பது, இன்றைக்கென்று வந்து நிற்கிறது. மேலத்துறைத் தண்ணீர் எப்போதோ ஒரு பெரிய கடலேற்றத்தில் சிப்பிக் குஞ்சுகளோடு ஓடைக்குள் வந்திருக்க வேண்டும்.

இது குடும்பம் பிரியவே இல்லை என்பதற்கு அடையாளமா, பிரிவதற்கு முன் நடந்த கடைசிக் கல்யாணமா? அவளுக்குத் தெரியாது. இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. சட்டத்துக்கு அந்தக் கேள்வியே கிடையாது. பத்தொன்பது என்று அவள் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் சாயங்காலம் மண் லாரி வந்துவிடும். வலைக்கு அந்தப் பக்கம் தங்கை நிமிர்ந்து அவளையே பார்த்தாள்.

“ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கிடக்கு,” என்றாள் ராக்கினி. “செல்லாது.”

கிருபாகரன் துள்ளி எழுந்தார். “ஆட்சேபணை! எனக்கு அப்படித் தெரியலையே!”

“உக்காருங்க,” என்றார் ஆவுடைநாயகம். “செல்லுமா செல்லாதான்னு அவங்கதான் சொல்லணும். இருபத்தாறு வருஷமாத் தப்பா எண்ணாதவங்க. உண்மைக்காகச் சொந்தத் தங்கச்சியவே காட்டிக் குடுத்தவங்க. அவங்க வார்த்தைக்கு மேலயா உங்க வார்த்தை?”

கூட்டம் கைதட்டியது. ராக்கினிக்கு முகம் சூடாகிவிட்டது. அதைக் கூச்சம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

கையிருப்பிலிருந்து எடுத்த சிப்பி பதினெட்டு.

அப்புறம் நடந்ததைச் சொல்லி முடியாது. வெடி, மேளம், சுண்டல்காரர் கூடையைக் கவிழ்த்துவிட்டு ஆடினார். தாசில்தாரை நான்கு பெண்கள் தூக்க முயன்று கீழே போட்டார்கள். அவர் எழுந்து தூசி தட்டிக்கொண்டு, வெற்றிச் சான்றிதழைச் சிப்பிக்குக் கொடுப்பதா ஊருக்குக் கொடுப்பதா என்று குழம்பி, கடைசியில் வாளியின் கைப்பிடியில் கட்டிவிட்டார். ஒரு படிவம் மட்டும் பாக்கி இருந்தது. “புது இனத்துக்குப் பேர் வைக்கணும். பாமரரும் கண்டு அடையாளம் சொல்லுத மாதிரி இருக்கணும்னு போட்டிருக்கு.”

“முத்தழகின்னு வைங்க சார்!” என்று கூவினாள் பிரகாசி. இரண்டு நாளைக்கப்புறம் அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

ராக்கினி பேனாவை வாங்கி எழுதிக் கொடுத்தாள். தாசில்தார் மைக்கில் வாசித்தார்: “சாளையோடை நோஞ்சான் சிப்பி.”

“அடிப்பாவி!” என்று வலையைப் பிடித்து உலுக்கினாள் பிரகாசி. “அரசாங்கப் பதிவுலயா? எந்த மானத்துக்காக நான் மேலத்துறைக்கு ஓடுனேனோ, அதயே எழுதி வச்சிட்டாளே!” சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. வலைக்கு இந்தப் பக்கம் கையை விட்டு அக்காவின் காதைப் பிடித்துத் திருகினாள்.

வெயில் தாழ்ந்ததும் அக்காளும் தங்கையும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போனார்கள். செவுளில் துளி மட்டும் கொடுத்துவிட்டுப் பிழைத்த நோஞ்சான்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டார்கள். கடைசியாக ஒரு சிப்பியை மட்டும் ராக்கினி தன் பையிலிருந்து தனியாக எடுத்தாள். அதன் ஓட்டில் பென்சிலால் 30 என்று எழுதியிருந்தது. கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு அதையும் விட்டாள்.

“அக்கா,” என்றாள் பிரகாசி. “நான் முன்வரிசையில இருந்தேன். எனக்கு ஒண்ணு மேல ஒண்ணு கிடந்த மாதிரி தெரியலயே.”

“உனக்கு என்னட்டி தெரியும்?”

“எத்தனைக்கா இருந்துச்சு?”

“என் சொந்த நோட்டுல எழுதி வச்சிருக்கேன். தப்பா எழுத எனக்கு வராது.”

“எத்தனைன்னுதான் கேட்டேன்.”

“கேக்காத. எந்த ஊருச் சிப்பின்னு நான் உன்னக் கேட்டேன் பாரு, அதுலதான் இத்தனை வம்பும் வந்துச்சு.”

பிரகாசி அக்காவை உற்றுப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். ராக்கினி சிப்பி மூழ்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துத் தானும் சிரித்தாள்.